ஈ.எல். 84 ஏன் கொதிக்கிறது?

கேள்வி, ஜூன் 3

"மேசை மேல் வைக்கும் வால்வு ரேடியோ. ஈ.சி.எச். 81, ஈ.எஃப். 89, ஈ.ஏ.பி.சி. 80, ஈ.எல். 84, ஈ.இசட். 80, ஸ்டேஷன் சரியாகப் பிடிபட்டதா என்று ஒளியில் காட்டும் மேஜிக் ஐ ஒன்று. போட்டவுடன் அருமையாகப் பாடுகிறது. பத்து நிமிடத்தில் குரல் நசுங்க ஆரம்பிக்கிறது. அரை மணி ஆனால் செய்தி வாசிப்பவருக்கு ஜலதோஷம் பிடித்தது போல இருக்கிறது. ஈ.எல். 84 பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை. புது வால்வு இரண்டு மாற்றிவிட்டேன், இரண்டும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. வால்வு டூப்ளிகேட் என்கிறேன். சரிதானே?"

ஜூன் 3, இரவு 9.50

சரியில்லை. வால்வு மேல் பழி போடாதீர்கள். மூன்றாவதை மாட்டினாலும் இதே கதைதான் நடக்கும்.

ஈ.எல். 84 ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வு, ஈ.ஏ.பி.சி. 80 அதற்கு முந்தையது. வால்வுக்குள் கத்தோடு எலக்ட்ரான்களை விடும், பிளேட் வாங்கும், நடுவே கிரிட் மடை மாதிரி அளவைக் கட்டுப்படுத்தும். ஈ.ஏ.பி.சி. 80-இன் பிளேட்டிலிருந்து ஈ.எல். 84-இன் கிரிட்டுக்கு ஒரு கண்டென்சர் போகும். 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட், மெழுகோ தாரோ பூசிய பேப்பர் உருளை. பாட்டை உள்ளே விடுவதும் பிளேட்டில் இருக்கிற டி.சி.யை வாசலிலேயே நிறுத்துவதும் அதன் வேலை. வயதானால் பேப்பர் ஈரம் குடித்துவிடும், டி.சி. கசியும். நெகட்டிவாக நிற்க வேண்டிய கிரிட் பாசிட்டிவ் பக்கம் நகரும். வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுக்கும். நீங்கள் சொன்ன சூடும் நசுங்கிய குரலும் அதுதான்.

கண்டென்சரைக் கழற்றி மல்டிமீட்டரின் ஓம் அளவில் பார்த்துவிட்டு "ஓப்பன் காட்டுது, நல்லாத்தான் இருக்கு" என்று வந்து சொல்லாதீர்கள். மீட்டர் கொடுப்பது ஓரிரண்டு வோல்ட். கசிவு எண்பது வோல்ட்டில்தான் முகம் காட்டும். ஆகவே இப்படிச் செய்யுங்கள். செட்டை அணைத்து, கண்டென்சரின் கிரிட் பக்கக் காலை மட்டும் சால்டர் எடுத்துத் தூக்குங்கள். தூக்கிய காலுக்கும் சாசிக்கும் (எல்லாம் உட்கார்ந்திருக்கும் இரும்புத் தட்டு) நடுவே டி.சி. வோல்ட் மீட்டர். செட்டைப் போடுங்கள். நல்ல கண்டென்சரானால் முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டுப் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஏதாவது வோல்ட் நின்றால் அவன்தான் திருடன்.

ஜூன் 3, இரவு 10.15

எழுதிவிட்டுப் படுக்கப் போனேன், உறுத்தியது. செட்டை அணைத்ததும் கையை விடாதீர்கள். சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரில் 250 வோல்ட் உட்கார்ந்திருக்கும். 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேட் செய்த கிளிப்பில் கட்டி, அதன் வழியாக இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் "பட்" என்று ஷார்ட் அடிக்கும் வீரம் எனக்கும் இருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையில் ஒரு குழி, கண்டென்சருக்கு ஆயுள் குறைவு, அவ்வளவுதான் மிச்சம்.

செட் ஓடும்போது அளப்பதானால் கறுப்புக் கிளிப்பைச் சாசியில் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளவிடுங்கள். இன்னொரு கை சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஜூன் 4, காலை

எந்தக் காலில் எதை அளப்பது என்று நம்மவர் கேட்டிருக்கிறார். ஈ.எல். 84 சாக்கெட்டைக் கீழிருந்து பார்த்தால், கால்களுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளியிலிருந்து கடிகார முள் போகும் திசையில் எண்ணுங்கள். 2 கிரிட், 3 கத்தோடு, 4-ம் 5-ம் கத்தோடைச் சுடவைக்கும் ஹீட்டர், 7 பிளேட், 9 ஸ்கிரீன் (கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே இருக்கும் இரண்டாவது கிரிட்). 1, 6, 8 வெறுங்கால்கள் என்று நினைத்து அதில் வேறு வயர் கட்டாதீர்கள். உள்ளே இணைப்பு இருக்கலாம்.

இரண்டு அளவு வேண்டும், போட்டவுடன் ஒன்று, அரை மணி கழித்து ஒன்று. கிரிட் வோல்ட், கத்தோடு வோல்ட். கத்தோடிலிருந்து சாசிக்குப் போகும் ரெசிஸ்டர் எத்தனை ஓம் என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

அளவுகள் வந்துவிட்டன. கத்தோடு ரெசிஸ்டர் 150 ஓம், சரியாக இருக்கிறது. போட்டவுடன் கத்தோடில் 7.2 வோல்ட், அரை மணியில் 10.8. அப்போது கிரிட்டில் பாசிட்டிவ் 5.5. ஈ.ஏ.பி.சி. 80 பிளேட்டில் 80. கண்டென்சரின் காலைத் தூக்கி வைத்து அளந்தால் 12 வோல்ட் நிற்கிறது.

கணக்குப் போடுங்கள். 7.2-ஐ 150-ஆல் வகுத்தால் 48 மில்லி ஆம்பியர். கச்சிதம். 10.8-ஐ வகுத்தால் 72. அதில் ஸ்கிரீனுக்கு ஒரு எட்டைக் கழித்தாலும் பிளேட்டுக்கு 64 போகிறது. பிளேட்டில் 240 வோல்ட் என்கிறார், கத்தோடைக் கழித்தால் 229. பெருக்கினால் கிட்டத்தட்ட 14.7 வாட். ஈ.எல். 84-இன் பிளேட் தாங்குவது 12. அத்தனை நாள் தாங்கியதே பெரிது.

12 வோல்ட் நின்றதால் கண்டென்சர் கசிகிறது. கேஸ் முடிந்தது. 0.022, 630 வோல்ட், பாலிப்ரொப்பிலீன் ஒன்று போடுங்கள். பேஷாகப் பாடும்.

ஜூன் 5

இன்னொருவர் கேட்கிறார்: "ஒன்று போனால் எல்லாம் போகும். மொத்தப் பேப்பர் கண்டென்சர்களையும் ஒரே இரவில் மாற்றிவிடலாமே?"

மாற்றத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே இரவில் வேண்டாம். நான் அப்படிச் செய்தவன். பத்தொன்பது கண்டென்சர். ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தேன், இரண்டு மணிக்கு எழுந்தேன். அதுவரை கரகரவென்றாவது பாடிக்கொண்டிருந்த செட், ஊமையாகிவிட்டது. பத்தொன்பதில் எது தப்பு? ஒரு வாரம் தேடினேன். ஏ.வி.சி. லைனில் (ஸ்டேஷனின் பலத்துக்கு ஏற்ப சத்தத்தைத் தானாகச் சரிசெய்யும் வழி) போக வேண்டிய கால் ஒன்றைப் பக்கத்து டேக்கில், அதாவது பக்கத்து சால்டர் முனையில், வைத்திருந்தேன். அது ஸ்கிரீன் சப்ளை. பழைய வயர் எல்லாம் ஒரே பழுப்பு நிறம், பல்பு வெளிச்சம், தூக்கம். அன்றிலிருந்து ஒன்றை மாற்று, செட்டைப் போடு, கேள், அணை, அடுத்ததை மாற்று. மெதுவாக இருக்கும். இருக்கட்டும்.

ஜூன் 5, சிறிது நேரம் கழித்து

மாற்றும் முன்னால் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத மறந்துவிட்டேன். என் காலத்தில் பென்சில்தான்.

ஜூன் 7

நம்மவர் திரும்பி வந்திருக்கிறார். புது கண்டென்சர் போட்டாயிற்று. குரல் முன்னைவிடத் தெளிவு. ஆனால் அரை மணியில் கிரிட் பாசிட்டிவ் 2.3 வரை ஏறுகிறது, கத்தோடு 8.6. "கேஸ் முடிந்தது என்றீர்களே" என்று ஒரு வரி வேறு. நுணலும் தன் வாயால் கெடும்.

சரி, யோசிப்போம். கசிகிற கண்டென்சர் இல்லை. ஆனாலும் கிரிட் பாசிட்டிவ். அப்படியானால் அந்த மின்னோட்டம் வால்வுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். அதிகச் சூட்டில் ஓடிய வால்வில் உலோகத்துக்குள் அடைபட்டிருந்த வாயு வெளியே வரும். எலக்ட்ரான்கள் அதில் மோதினால் பாசிட்டிவ் அயனிகள் பிறக்கும்; அவை நெகட்டிவாக இருக்கும் கிரிட்டைத் தேடி வந்து சேரும். அந்த மின்னோட்டம், கிரிட்டைச் சாசியோடு கட்டும் கிரிட் லீக் ரெசிஸ்டர் வழியே இறங்கும்போது கிரிட்டைப் பாசிட்டிவாக்கிவிடும். வால்வுக்கு கேஸ் பிடித்துவிட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்வோம்.

கண்ணாடிக்கு மேலே உள்ளே வெள்ளிப்பூச்சு தெரிகிறதே, கெட்டர், அது மிச்ச வாயுவைச் சாப்பிடத்தான் இருக்கிறது. கண்ணாடி விரிசல் விட்டுக் காற்றே புகுந்தால் அது பால் வெள்ளையாகிவிடும், அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கொஞ்சமாக கேஸ் பிடித்த வால்வில் கெட்டர் பளபளவென்றே இருக்கும். பார்த்து ஏமாறக் கூடாது.

ஆக, பழைய கண்டென்சர் இரண்டு வால்வையும் கெடுத்துவிட்டது. மூன்றாவது வாங்குங்கள்.

ஜூன் 7, இரவு

"டூப்ளிகேட் வால்வு என்று நான் அப்போதே சொன்னேன்" என்கிறார். சொன்னீர்கள்.

ஜூன் 8

இடையில் ஹம் (ஸ்பீக்கரில் விடாமல் வரும் உறுமல்) பற்றி ஒரு கேள்வி, பதில் சொல்லிவிட்டு வருகிறேன். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தும் ஹம் அப்படியே இருந்தால், சப்ளையிலோ அவுட்புட் ஸ்டேஜிலோ கோளாறு. வால்யூமோடு சேர்ந்து குறைந்தால் அதற்கு முன்னால் தேடுங்கள். ஈ.இசட். 80 மாதிரி முழு அலை ரெக்டிஃபையர் (ஏ.சி.யை டி.சி. ஆக்கும் வால்வு) உள்ள செட்டில் ஃபில்டர் காய்ந்தால் 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் ரம்பம் அறுக்கிற சாயல். ஹீட்டரிலிருந்து கத்தோடுக்குக் கசிந்தால் 50 ஹெர்ட்ஸ், அடித்தொண்டையில் உறுமும். காதுக்கு இரண்டும் நாலு தடவை பழகினால் பிடிபட்டுவிடும்.

"பழைய ஃபில்டருக்குப் பதிலாக 220 மைக்ரோஃபாரட் போட்டேன், ஹம் துளியும் இல்லை" என்று ஒருவர் பெருமை அடித்திருக்கிறார். ஈ.இசட். 80-க்கு முதல் கண்டென்சர் 50-க்கு மேல் போகக் கூடாது. பெரிய கண்டென்சர் நிரம்பும்போது ரெக்டிஃபையர் ஒவ்வொரு அலையின் உச்சியிலும் குபீரென்று கொட்ட வேண்டியிருக்கும். கத்தோடின் பூச்சு உரிந்து, ஒரு நாள் உள்ளே நீலப் பொறி பறக்கும். 220-ஐ இரண்டாவது இடத்துக்கு மாற்றி, முதலில் 47 போடுங்கள்.

ஜூன் 9

வால்வுகளைப் பிடுங்கிப் பிடுங்கிக் கோளாறு தேடும் வித்தை பற்றி, இந்த ஹம் பேச்சில் ஞாபகம் வந்தது. என்னிடம் வந்த ஒரு செட்டில் ஆண்டெனாவைக் கழற்றினாலும் தூரத்து இடி மாதிரி உருண்டுகொண்டே இருந்தது. மழை நாளில் வெளியே இடியா உள்ளே இடியா என்று தெரியாது. ஸ்டேஷனின் அலையை ஐ.எஃப். என்ற ஒரே நிலையான அலைவரிசைக்கு மாற்றும் மிக்சர் வால்வைப் பிடுங்கினேன், இடி நிற்கவில்லை. அதைப் பெரிதாக்கும் ஐ.எஃப். வால்வைப் பிடுங்கினேன், நின்றது. இரண்டுக்கும் நடுவே முதல் ஐ.எஃப். கேன், அதாவது ட்யூன் செய்யும் சுருள்கள் உள்ள தகரக் குப்பி.

கேனைத் திறந்தால், அடியில் விரல் நகம் அளவு மைக்கா தகடு. அதன் மேல் வெள்ளிப் பூச்சு, அதுதான் கண்டென்சர். பிளேட் பக்கத் தகடுக்கும் அடுத்த கிரிட் பக்கத் தகடுக்கும் இருநூறு வோல்ட் வித்தியாசம். வருஷக்கணக்கில் வெள்ளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஊர்ந்து ஊர்ந்து போயிருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கறுத்த பாசி மாதிரி விரல் விரலாக நீண்டிருந்தது. அந்த விரல்கள் தொடும்போது இடி. தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வெளியே இரண்டு மைக்கா கண்டென்சர் சால்டர் அடித்து, திரும்ப ட்யூன் செய்தேன். அதோடு மழை நின்றது.

ட்யூன் செய்யும்போது இரும்பு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். சுருளுக்குள் திருகும் கோர் உடைந்து உள்ளேயே சிக்கிக்கொண்டால் கேனைத் தூக்கிப்போட வேண்டியதுதான். பிளாஸ்டிக்கில் ஒன்றைச் சீவிக்கொள்ளுங்கள். கோர் மேல் மெழுகு உடையாமல் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அது தானாகத் திரும்பியிருக்க வாய்ப்பில்லை. வேறு எங்கோ கோளாறு.

ஜூன் 9, மதியம்

அவசரத் திருத்தம். மேலே "பிடுங்கிப் பார்" என்று எழுதியது, ஹீட்டர்கள் எல்லாம் 6.3 வோல்ட்டில் பக்கம் பக்கமாக இருக்கும் செட்டுக்கு மட்டும். ஒருவர் ஹீட்டர் தொடராகக் கட்டிய செட்டில் செய்துவிட்டு, "முதல் வால்வைப் பிடுங்கியதும் சத்தம் நின்றுவிட்டது, அதுதான் குற்றவாளி" என்று எழுதியிருக்கிறார். எல்லா வால்வும் அணைந்துவிட்டது ஐயா. அந்தக் காலி சாக்கெட்டின் ஹீட்டர் கால்களில் இப்போது முழு மெயின்ஸ் நிற்கும், விரலை விடாதீர்கள்.

எந்தச் செட் எது என்று வால்வு பெயரே சொல்லிவிடும். ஐரோப்பிய வால்வில் முதல் எழுத்து ஈ என்றால் 6.3 வோல்ட். யூ என்றால் 100 மில்லி ஆம்பியர் தொடர். அமெரிக்க வால்வில் முன்னால் வரும் எண்ணே ஏறத்தாழ ஹீட்டர் வோல்ட். 12 பி.இ. 6, 12 பி.ஏ. 6, 12 ஏ.வி. 6, 50 சி 5, 35 டபிள்யூ 4. கூட்டினால் 121. அங்கே மெயின்ஸ் ஏறத்தாழ அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மர் செலவு மிச்சம் பண்ண ஐந்தையும் சரமாகக் கோத்து நேரே சுவரில் சொருகிவிட்டார்கள். அப்படிப்பட்ட செட்டில் சாசியும் மெயின்ஸோடு சேர்ந்திருக்கலாம். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சாசியே ஃபேஸ். செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் திறக்கக் கூடாது. வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் போதாது, அதில் ஒரே சுருள்தான். வோல்ட் குறையும், மெயின்ஸிலிருந்து பிரியாது.

எனக்கு இது புத்தகத்தில் தெரிந்த விஷயம் இல்லை. கைப்பிடிக் குமிழ் கழன்ற ஒரு செட்டின் இரும்புத் தண்டை ஈரக் கையால் திருகினேன். தோள்வரை உதறியது. அப்போதெல்லாம் குமிழுக்குப் பதில் இடுக்கியால் திருகுவது கௌரவம்.

ஜூன் 10, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. நம்மவரின் ஈ.எல். 84 பற்றித்தான். நான் தப்பு செய்திருக்கிறேன்.

12 வோல்ட். அந்த எண்ணை நான் பார்த்தேன், படிக்கவில்லை.

கிரிட் லீக் ரெசிஸ்டர் அந்த இடத்தில் 680 கிலோ ஓம் என்று சர்க்யூட்டில் இருக்கிறது. பிளேட்டில் 80. கிரிட்டில் 5.5 வர வேண்டுமானால் கண்டென்சரின் கசிவு 9 மெகா ஓம் சுமாருக்கு இருக்க வேண்டும். 9 மெகா கசிகிற கண்டென்சரின் காலைத் தூக்கி, 10 மெகா ஓம் டிஜிட்டல் மீட்டரில் அளந்தால் 42 வோல்ட் பக்கம் காட்டியிருக்கும். அவர் கண்டது 12. அதைத் திருப்பிப் போட்டால் கசிவு 57 மெகா ஓம். அவ்வளவு மெலிசான கசிவு 680 கிலோவில் ஒரு வோல்ட்கூட ஏற்றாது. பிறகு 5.5 எங்கிருந்து வந்தது?

கண்டென்சர் கசிந்தது உண்மை. வால்வில் கொஞ்சம் கேஸ் இருப்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டு சின்னத் தப்பைப் பெரிதாக்கிக் காட்டும் மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான். ரெசிஸ்டர்.

பழைய கார்பன் ரெசிஸ்டர் வயதானால் மேலே ஏறும். அதுவும் ஈ.எல். 84 சாக்கெட்டை ஒட்டி, வருஷக்கணக்கில் வெந்துகொண்டிருப்பது. நம்மவர் செட்டை அணைத்துவிட்டு 2-ம் காலுக்கும் சாசிக்கும் நடுவே ஓம் பார்க்கட்டும். கழற்றக்கூட வேண்டாம். சர்க்யூட்டுக்குள் அளக்கும்போது பக்கத்தில் இருப்பவை எல்லாம் சேர்ந்து ஓமைக் குறைத்துத்தான் காட்டும். அதையும் மீறி அதிகம் காட்டினால் ரெசிஸ்டர் போய்விட்டது, விசாரணையே வேண்டாம்.

மூன்றாவது வால்வு இன்னும் வாங்காமல் இருந்தால் நிறுத்திவையுங்கள்.

ஜூன் 10, காலை

வாங்கிவிட்டாராம்.

ஜூன் 11

2.3 மெகா ஓம்.

680 கிலோ என்றால் நீலம், சாம்பல், மஞ்சள். அவர் படம் எடுத்து அனுப்பியதில் மூன்றும் ஒரே காப்பிப்பொடி நிறம். உடம்பில் மெல்லிய விரிசல் ஒன்று நீளவாக்கில். முதல் நாளே "சாக்கெட் பக்கத்தில் ஏதாவது கருகியிருக்கிறதா" என்று கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். கேட்கவில்லை. கண்டென்சர்தான் என்று கேள்வியைப் படிக்கும்போதே முடிவு கட்டிவிட்டேன். கண்டென்சரும் என் மானத்தைக் காப்பாற்றுவது போலக் கசிந்து வைத்தது.

ஈ.எல். 84-இன் டேட்டா ஷீட்டில் இது எழுதியே இருக்கிறது. கத்தோடு ரெசிஸ்டரால் பயாஸ் (கிரிட்டை நெகட்டிவாக நிறுத்தும் வோல்ட்) எடுத்தால் கிரிட் லீக் 1 மெகா ஓமுக்கு மேல் போகக் கூடாது. வெளியிலிருந்து நிலையான பயாஸ் கொடுத்தால் 300 கிலோதான். நல்ல வால்விலும் ஒரு மைக்ரோ ஆம்பியரில் ஒரு பங்கு கிரிட் மின்னோட்டம் இருக்கத்தான் செய்யும். 680 கிலோவில் அது ஒன்றும் பண்ணாது. 2.3 மெகாவில் கிரிட் மெல்ல ஏறும், வால்வு சூடாகும், சூட்டில் வாயு வரும், வாயுவால் இன்னும் ஏறும். பத்து நிமிடம், அரை மணி என்று அவர் முதல் நாளே சொன்ன அந்த நேரக் கணக்கு இந்தச் சுழற்சிதான்.

ஜூன் 11, மாலை

ஈ.ஏ.பி.சி. 80 பிளேட்டில் சர்க்யூட்டில் 65 போட்டிருக்கிறது, எனக்கு 80 வருகிறதே, அதுவும் கோளாறா என்கிறார். இல்லை. அந்தக் காலத்து மீட்டர் வோல்ட்டுக்கு 1000 ஓம். 250 வோல்ட் அளவில் வைத்தால் மீட்டரே 250 கிலோ ஓம் ரெசிஸ்டர் மாதிரி பிளேட்டில் தொங்கும், வோல்ட்டைக் கீழே இழுக்கும். உங்கள் டிஜிட்டல் 10 மெகா, இழுக்காது. பழைய சர்க்யூட் தாளின் மூலையில் எந்த மீட்டரால் அளந்தது என்று பொடி எழுத்தில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

ஜூன் 13

நம்மவர் ரெசிஸ்டர் மாற்றும் வரை பொழுது போக ஒன்று. அவுட்புட் வால்வு சூடாவதில் இன்னொரு வகை உண்டு, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. செட்டில் சத்தமே இல்லை, இருட்டில் பார்த்தால் வால்வுக்குள் பிளேட்டுக்கு உள்பக்கம் மெல்லிய கம்பிச் சுருள் ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று தெரியும். முதன்முதலில் பார்த்தபோது அழகாக இருக்கிறதே என்று ரசித்துக்கொண்டிருந்தேன். ஸ்கிரீன் கிரிட் எரிந்துகொண்டிருந்தது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி அறுந்து, பிளேட்டுக்கு வோல்ட்டே போகவில்லை. பிளேட்டுக்குப் போக வேண்டிய எலக்ட்ரான்கள் எல்லாம் ஸ்கிரீன் மேல் விழுந்தன. 7-ல் பூஜ்யம், 9-ல் முழு வோல்ட் என்றால் உடனே அணையுங்கள், ரசிக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்தபோது முடி மாதிரி கம்பியில் ஒரு இடத்தில் பச்சைப் புள்ளி. அதுதான் அறுந்த இடம். அதற்காக ஆயிரக்கணக்கில் சுற்று சுற்ற வேண்டியதாயிற்று.

ஜூன் 13, இரவு

டயலின் கீழ்ப்பாதியில் ஸ்டேஷனே இல்லை, மேல்பாதி நன்றாக இருக்கிறது என்றவருக்கு: மிக்சர் வால்வு தானே உண்டாக்கும் அலை, லோக்கல் ஆசிலேட்டர், அங்கே போய் நின்றுவிடுகிறது. பக்கத்தில் இன்னொரு ரேடியோவை வையுங்கள். உங்கள் செட்டை 600-ல் நிறுத்தினால், ஐ.எஃப். 455 ஆக இருந்தால், மற்றதில் 1055 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஊமை ஸ்டேஷன் வர வேண்டும்: இரைச்சல் சட்டென்று அடங்கும், முள்ளை நகர்த்தினால் அதுவும் நகரும். 600-ல் அது காணாமல் போய் 1000-ல் திரும்ப வந்தால் மிக்சர் வால்வு சோர்ந்துவிட்டது. மாறாக, டயலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கரகரத்து அடங்கினால் ஸ்டேஷன் திருப்பும்போது சுழலும் கேங் கண்டென்சரின் தகடு தகட்டைத் தொடுகிறது. வால்வு வாங்கக் கிளம்பாதீர்கள். விளக்கை வைத்து எட்டிப் பாருங்கள்.

மேஜிக் ஐ மங்கிவிட்டது என்றால் மருந்து கிடையாது, பாஸ்பர் தேய்ந்த கணக்கு. 1935-இல் வந்த 6 ஈ 5 மாதிரி வகையில், ஒளி இருந்தும் எந்த ஸ்டேஷனுக்கும் நிழல் சுருங்கவில்லை என்றால் சாக்கெட்டுக்குள்ளே ஒளிந்திருக்கும் 1 மெகா ஓம் ரெசிஸ்டரைப் பாருங்கள். மறுபடியும் ரெசிஸ்டர். இந்த வாரம் எனக்கு எங்கு பார்த்தாலும் அதுவே தெரிகிறது.

ஜூன் 15

680 கிலோ போட்டாயிற்று, மூன்றாவது புது வால்வோடு. அரை மணியில் கிரிட் பூஜ்யம், கத்தோடு 7.2. ஒரு மணி நேரத்திலும் அதே. செய்தி வாசிப்பவருக்கு ஜலதோஷம் போய்விட்டதாம்.

பெட்டியில் போட்டுவைத்த அந்த "டூப்ளிகேட்" வால்வுகள் இரண்டையும் எடுத்து மாட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 16

பார்த்துவிட்டார். ஒன்றில் அரை மணியில் கிரிட் 1.5 வரை ஏறுகிறது, அது போனதுதான். இன்னொன்றில் 0.1 வோல்ட், கத்தோடு 7.3. ஒன்றுமே ஆகவில்லை அதற்கு. துடைத்து, ஸ்பேர் என்று எழுதி எடுத்து வைக்கச் சொன்னேன். இப்போது நல்ல ஈ.எல். 84 ஒன்று கூடுதலாக இருக்கிறது, அதற்கேற்ற இன்னொரு செட் தேட வேண்டும் என்கிறார்.